என் சாலையில் அவன் கேட்ட சொல்

இதை வாசிக்கிறவரே, உங்களை நடுவராக நான் அழைக்கவில்லை. நடுவர்களை வேண்டிய மட்டும் பார்த்தாயிற்று. மணியடித்து என்னை உட்காரச் சொன்னவர்கள் அவர்கள். உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். சாட்சிக்குத் தீர்ப்புச் சொல்லும் சுமை கிடையாது. கண்டதைக் கண்டேன், கேட்டதைக் கேட்டேன் என்று நிற்பதே அவன் கடமை. நான் சொல்லப்போகிற காரியம் நடந்தபோது என் பக்கத்தில் எவருமில்லை. ஆதலால் அந்த இடத்தில் உங்களை நிறுத்துகிறேன். என்மேல் உங்களுக்குப் பிரியம் பிறக்க வேண்டுமென்பதில்லை. முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொள்ளாதீர்கள்.

சென்னையில் ஒரு சினிமாக் கம்பெனியில் நான் உதவி டைரக்டர். பெயர்தான் அது, எனக்கிட்ட வேலை வசனம் எழுதுவது. கல்லூரிச் சொற்போர் ஒன்றில் நான் பேசியதை எங்கள் டைரக்டர் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டாராம். இந்தத் தொண்டையும் இந்தத் தமிழும் நமக்கு வேண்டும் என்று மறுவாரமே ஆளனுப்பினார். அதில் எனக்கு வியப்பில்லை. மேடை ஏறிய நாள் முதல் நான் தோற்றதில்லை.

ஒரு முறை மட்டும், வென்றும் வெல்லாதவனாகக் கீழே இறங்கினேன். நகர வாழ்வா, கிராம வாழ்வா என்பது அன்றைய பொருள். கிராமத்துக்காக நான் பேசினேன். உழவன் நெற்றி வியர்வையையும் ஏற்றக்காரன் பாட்டையும் அடுக்கடுக்காக வைத்து, கைதட்டலுக்கு இடம்விட்டு, முடிக்க வேண்டிய இடத்தில் முடித்தேன். எதிரணியில் எழுந்தவன் சென்னையிலேயே பிறந்து வளர்ந்த ஒரு மெலிந்த ஆள். கைக்குறிப்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், "அவர் சொல்றது சரிதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான். பரிசு எனக்கு. ஆனால் கூடம் எழுப்பிய ஆரவாரம் அவனுக்கு. என் கால் மணிநேரப் பேச்சுக்குக் கிடைக்காத ஒன்று அவன் மூன்று சொல்லுக்குக் கிடைத்தது. அந்தச் சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது.

அதே ஆள், நான் சேர்ந்து ஆறு மாதம் கழித்து, அதே கம்பெனியில், எனக்கு எதிர் மேசையில் வந்து உட்கார்ந்தான்.

யுத்த காலம் அது. ஃபிலிமுக்குப் பஞ்சம், படத்தின் நீளத்துக்கே சர்க்கார் கட்டுப்பாடு போட்டிருந்தது. பேச்சை நீட்டினால் பாட்டை வெட்ட வேண்டும். அப்படியொரு வேளையில் எங்கள் கம்பெனி தமிழும் தெலுங்கும் கலந்த ஒரு எல்லைப்புறக் கிராமத்துக் கதையை எடுத்தது. மாமன் மகளை விட்டுவிட்டு ரங்கூனுக்குப் போகிறான் ஒருவன், காகிதமில்லை, தகவலில்லை, பல வருஷம் கழித்துத் திரும்பி வந்து அவள் முன்னால் நிற்கிறான். அப்போது அவள் என்ன பேசுகிறாள்? படமே அந்த ஒரு காட்சியில் தொங்கியது. டைரக்டர் எங்கள் இருவரையும் அழைத்து, ஆளுக்கொன்று எழுதிக் கொண்டுவரச் சொன்னார். எது நிற்கிறதோ அதைப் படம் பிடிப்பதாகவும், வசனம் என்று திரையில் ஒரு பெயர்தான் வரும் என்றும் சொன்னார். அந்த ஒரு பெயர் யாருடையது என்பதே வழக்கு. மற்றதெல்லாம் அதற்கு வந்த சாட்சியம்.

நான் மூன்று பக்கம் எழுதினேன். பெண்ணின் பொறுமை பூமியின் பொறுமை என்று தொடங்கி, பூமியும் ஒரு நாள் பிளக்கும் என்று முடியும். வாசித்துக் காட்டினபோது ஒப்பனைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவன் ஒன்றும் எழுதவில்லை. நடக்கப் போனான். அவன் வழக்கம் அது: கற்பனை வற்றிவிட்டது என்று தோன்றினால் ரயிலேறி எங்கேயாவது இறங்கித் தனியே பகல் முழுக்க நடப்பான், பேச்சுத் துணைக்கும் எவரையும் அழைக்கமாட்டான். திரும்பி வரும்போது செருப்பில் புழுதியும் சட்டைப் பையில் ஒரு காட்சியும் இருக்கும். இந்த முறை எந்தப் பக்கம் போகலாம் என்று என்னைத்தான் கேட்டான். "திருத்தணியில இறங்கு. மேற்கே பொதட்டூர்பேட்டை ரோட்டைப் பிடி" என்றேன். திருத்தணி நான் பிறந்த ஊர். அவனுக்கு வழி சொன்ன வாய் என் வாய். சாட்சியே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

வந்தான். அரைப் பக்கத்தை மேசையில் வைத்தான். கிணற்றடியில் பெண் நிற்கிறாள். வந்தவனைப் பார்க்கிறாள். குடம் நிரம்பி வழிகிறது. "பாவா" என்கிறாள். அவ்வளவுதான் காட்சி.

அது என்ன சொல் என்று டைரக்டர் கேட்டார். அந்தப் பக்கத்தில் முறைமாப்பிள்ளையைப் பிரியமாக அழைக்கும் சொல். நடக்கும்போது தன்னையே ஒரு பெண் அப்படி அழைத்தாள். கேட்டதும் நெஞ்சு நனைந்துவிட்டது என்றான் அவன். டைரக்டர் அந்தச் சொல்லைத் தாமே இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "இவன் நடந்துட்டு வந்தா ஒரு ஸீனோட வரான். நீ உக்காந்த இடத்துல மூணு பக்கம் எழுதறே. உனக்கும் ஒரு வாரம். நீயும் போய் நடந்து பாரேன்" என்றார்.

என் ஊர், என் சாலை, நான் காட்டிய வழி. அந்த வழியில் எவளோ ஒருத்தி அவனைப் பாவா என்று அழைத்திருக்கிறாள்.

அந்தச் சொல்லைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து வீடுகளில் தமிழும் தெலுங்கும் ஒரே தட்டில் சோறு உண்பவை. அப்பாவை நைனா என்போம். அக்காள் புருஷனும் அத்தை மகனும் பாவா. அது ஒருவன் தானே சூட்டிக்கொள்ளும் பட்டமல்ல; ஒரு வீடு கொடுத்தால்தான் உண்டு. எனக்குக் கல்யாணமாகவில்லை, மாமன் வீட்டில் பெண்ணும் இல்லை. பிறந்து வளர்ந்த ஊரில் ஒரு வாயும் என்னை அந்தச் சொல்லால் அழைத்தது கிடையாது. ரயிலிலிருந்து இறங்கிய ஒருவனுக்கு அது ஒரே பகலில் கிடைத்தது.

அன்று மாலையே ரயிலேறினேன். நடையில் எனக்கு நம்பிக்கை இருந்ததென்று சொல்லமாட்டேன். அவனுக்குக் கொடுத்ததை எனக்கும் கொடு என்று அந்தச் சாலையைக் கேட்கப் போனேன்.

மறுநாள் விடிந்ததும் நைனா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். ரயில்வே கேட்டைத் தாண்டி எங்களுக்குக் கொஞ்சம் நிலமுண்டு. அவர் உலகம் அதற்குள் முடிந்துவிடும். சும்மா நடந்துவிட்டு வருகிறேன் என்றதும், "எதுக்கு?" என்றார். யோசனை பிறக்க என்றேன். "அதுவும் சரி. கரி பஸ்ஸுல போனாலும் பாதி வழி தள்ளிகினுதான் போவணும்" என்றார். பெட்ரோல் பஞ்சத்தில் அப்போது பஸ்கள் கரிப்புகையில் ஓடின.

மழை ஓய்ந்து கார்த்திகை பிறந்திருந்தது. ஊர் எல்லை தாண்டியதும் சாலை மேற்கே நீண்டது. இரு புறமும் புளியமரம். அப்பால் கேழ்வரகு, கடலை, இடையிடையே ஏரிப் பாய்ச்சலில் நெல். நடந்தால் மனம் தெளியும் என்கிறார்கள். எனக்குத் தெளியவில்லை. திரும்பிய பக்கமெல்லாம் அவன் முன்னமே பார்த்துவிட்டுப் போயிருந்தான். சுமைதாங்கிக் கல் ஒன்று வந்தது; அதைப் பற்றி அவன் ஸ்டூடியோவில் சொல்லிவிட்டான். ஏரிக்கரையில் கொக்குகள், அவையும் அவன் பேச்சில் வந்தாயிற்று. தூரம் போகப் போக மலைக்கோயில் பின்னாலிருந்து நம்மை வழியனுப்பிக்கொண்டே நிற்கும் என்றிருந்தான். நான் திரும்பிப் பார்த்தேன், அப்படித்தான் நின்றது. இருபது வருஷம் அந்த மலையடியில் வாழ்ந்த எனக்கு அப்படியொரு வாக்கியம் தோன்றவில்லையே என்று, மலைமேலேயே கோபம் வந்தது. எச்சில் பட்ட இலையில் உட்கார்ந்தவன்போல நான் அந்தச் சாலையில் நடந்தேன்.

கண்ணுக்கு வேலையில்லாதபோது வாய்க்கு வேலை கொடுப்பது என் பயிற்சி. என் மூன்று பக்கத்தையும் உரக்கச் சொல்லிக்கொண்டு நடந்தேன். தனிச் சாலையில் குரல் நன்றாக எழுந்தது. பெண்ணின் பொறுமை பூமியின் பொறுமை என்று கையை வீசி ஒரு புளியமரத்தைப் பார்த்து முழங்கிக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. வண்டிக்காரர் என் வெள்ளைச் சட்டையையும் கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பட்டாளத்துக்கு ஆள் எடுக்கறீங்களா சார்?"

அப்போது ஊர் ஊராக வந்து, யுத்தத்துக்கு ஆள் சேர்க்க உரத்த குரலில் பேசிவிட்டுப் போகிறவர்கள் இருந்தார்கள். நான் அந்த ஆளில்லை, சினிமாவுக்கு வசனம் ஒத்திகை பார்க்கிறேன் என்று விளக்கினேன். அவர் தலையை ஆட்டினார்.

"அதுக்கு அந்த மரத்தை ஏன் சார் திட்டிகினு வரீங்க?" என்று கேட்டுவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு போனார்.

உச்சிப்பொழுதுக்குக் கொஞ்சம் முன்னால், சாலையை ஒட்டிய புன்செய்க் கொல்லையில் கடலைச் செடி பிடுங்கிக் குவித்திருந்தது. வேப்பமர நிழலில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து செடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். பக்கத்தில் மூன்று கல் வைத்து ஒரு பானையில் கடலை வெந்துகொண்டிருந்தது. எட்டத்தில் கேட்ட பேச்சும் சிரிப்பும், நான் நிழலுக்குள் கால் வைத்ததும் நின்றுவிட்டன. வெற்றிலை மென்றுகொண்டிருந்த மூத்தவள் என்னை முந்திக்கொண்டாள்.

"எங்க ஊர்ல வயசுப் பசங்க யாரும் இல்ல சார். இருந்தவனுங்களும் போயிட்டானுங்க."

என் குரல் எனக்கு முன்னமே வந்து சேர்ந்திருக்கிறது. நான் திருத்தணிக்காரன், இன்னாருடைய மகன், ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கத்து நிலம் எங்களுடையது என்று வரிசையாகச் சொன்னேன். முகங்கள் இளகின. அப்ப நம்ம பக்கம்தான் என்று மூத்தவள் சாக்கை விரித்துப் போட்டாள். ஒரு முறத்தில் வெந்த கடலையை அள்ளி என் முன்னால் வைத்தார்கள். நான் வந்த காரியத்தைக் கேட்டேன்: கொஞ்ச நாளுக்கு முன்னால் மெட்ராஸ்காரர் ஒருவர், ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, இந்தப் பக்கம் நடந்து வந்தாரா?

ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். மூக்குத்தி போட்ட இளையவள் ஒருத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"ஆங்," என்றாள் மூத்தவள். "பாவாவா?"

வட்டம் முழுவதும் சிரித்தது. ஒருத்தி அழைத்தாள் என்றுதான் அவன் சொன்னான். இங்கே ஒரு கொல்லையே அழைக்கிறது. என்ன செய்தான், என்ன பேசினான், எதைக் கொடுத்து இதை வாங்கினான் என்று தெரியாமல் அந்த இடத்தைவிட்டு எழுந்திருப்பதில்லை என்று தீர்மானித்தேன். அவர் உங்களோடு அவ்வளவு நன்றாகப் பழகினாரா என்று கேட்டேன்.

மூத்தவள் சொன்னது இது. அவன் வெயிலேறி வந்தான். வந்தவருக்குக் கடலை வைப்பது வழக்கமானதால் வைத்தார்கள். தின்றான். இன்னும் வைத்தார்கள், அதையும் தின்றான். பொழுது சாய்கிறவரை அதே நிழலில் உட்கார்ந்து வானத்தைப் பார்ப்பதும் இவர்களைப் பார்ப்பதுமாக இருந்தான். ஒரு செடியைக் கையில் எடுக்கவில்லை.

இங்கே நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மீதியை எனக்கு ஒருவர் சொல்ல வேண்டியதில்லை. நான் அந்தப் பக்கத்துப் பிள்ளை. காய் ஆய்கிற இடத்தில் எவன் வந்து உட்கார்ந்தாலும், தின்றுகொண்டே ஒரு செடியை எடுத்து நாலு காயாவது ஆய்ந்து போடுவான். யாரும் சொல்லமாட்டார்கள், சொல்லித் தெரிய வேண்டிய காரியமல்ல அது. பிறர் கொல்லையில் கையைக் கட்டிக்கொண்டு தின்னும் உரிமை உலகத்தில் ஒரே ஒருவனுக்குத்தான் உண்டு. அவன் தலைத்தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை.

"நான்தான் கேட்டேன்," என்றாள் மூக்குத்திக்காரி. "'பாவா, கை நோவுதா? நான் வேணா ஊட்டி உடட்டுமா?'ன்னு. சிரிச்சிகினே முறத்தை இப்படி நீட்னாரு."

"அதுக்கப்புறம் பாவான்னா இன்னான்னு வேற கேட்டாரு," என்றாள் இன்னொருத்தி. "பிரியமா கூப்பிடறதுன்னு சொல்லி அனுப்ச்சிட்டோம்."

சாட்சியே, அந்த நிமிஷத்தில் எனக்குள் ஏற்பட்ட மகிழ்ச்சி எந்த மேடையிலும் எனக்குக் கிடைத்ததல்ல. டைரக்டரை மயக்கிய சொல் ஒரு கேலி. தண்டத்தீனிக்காரனுக்குக் கிடைத்த பட்டத்தை அவன் மாலை என்று நினைத்து, சென்னைக்குக் கொண்டுபோய், கிணற்றடியில் நிற்கும் ஒரு பெண்ணின் வாயில் வைத்திருக்கிறான். அந்தப் பெண்களெல்லாரையும்விட உரக்க நான் சிரித்தேன்.

சிரித்து முடிந்ததும் ஒரு செடியை எடுத்து, மண்ணை உதறி, ஆயத் தொடங்கினேன். நான் யார், அவன் யார் என்பது அவர்களுக்கும் தெரியட்டும் என்றிருந்தது. மூத்தவள் என் கையைப் பார்த்துவிட்டு, "உடுங்க சார், சட்டை அழுக்காவப் போவுது" என்றாள். பரவாயில்லை என்றேன். "சாரு நல்லாத்தான் ஆயறாரு" என்றாள் மற்றொருத்தி, குழந்தை எழுத்துக் கற்பதைப் பார்த்துச் சொல்வதுபோல.

சார். உழைத்தவனுக்குச் சார். உட்கார்ந்து தின்றவனுக்குப் பாவா.

கேலிதான், எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கேலிக்குள் அவன் இருந்தான், நான் வெளியே இருந்தேன். தங்கள் வீட்டு ஆளைப் பார்த்துச் சிரிப்பதுபோல அவனை நினைத்துச் சிரித்தார்கள். என்னைப் பார்த்துச் சிரிக்கவும் அவர்களுக்குத் தோன்றவில்லை. அப்போது நான் செய்ததை உள்ளபடி சொல்கிறேன். கையிலிருந்த செடியைக் கீழே போட்டேன். மண்ணைத் துடைத்தேன். முறத்தை மடியருகில் இழுத்து வைத்துக்கொண்டு, மரத்தில் சாய்ந்து, ஒரு காயும் ஆயாமல், ஒவ்வொன்றாக உரித்துத் தின்றேன். தின்றுகொண்டே காத்திருந்தேன். மூக்குத்திக்காரியின் கண்ணில் படும்படி காலைக்கூட நீட்டினேன்.

அவர்கள் வேலையைப் பார்த்தார்கள். முறம் காலியாயிற்று.

"சாருக்குப் பசி போல," என்றாள் மூத்தவள். "பாவம், நடந்துகினே வந்திருக்காரு. இன்னும் வையிடி."

பொதட்டூர்பேட்டை வரை போவதாகத்தான் உத்தேசம். போகவில்லை. எழுந்து, வந்த வழியே திரும்பினேன்.

திரும்பி நடந்தபோது மலை எனக்கு எதிரே இருந்தது. வெயில் முதுகில் அடித்தது. நடை என்றால் என்ன என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கால் தானாகப் போயிற்று. எண்ணங்கள் இடறாமல் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. புளியமரங்கள், சுமைதாங்கி, கொக்கு எல்லாம் இனி எனக்குச் சொந்தம்; அவன் கண்டது அவற்றின் மேல்தோல், நான் அவற்றின் பாஷையை அறிந்தவன் என்று தோன்றிற்று. அவ்வளவு தெளிந்த மனத்தை வைத்துக்கொண்டு நான் என்ன தயாரித்தேன் தெரியுமா? ஒரு சொற்பொழிவு. பாவா என்ற சொல்லின் பிறப்பு, அதன் முறையான இடம், அதை இடமறியாமல் வைத்தவனின் பேதைமை என்று மூன்று பகுதியாக வகுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் உவமையும் வைத்து, ஊர் எல்லையில் அடியெடுத்து வைக்கும்போது முடிவுரையையும் முடித்திருந்தேன். என் சொந்தக் காட்சியைப் பற்றி ஒரு வரிகூட நினைக்கவில்லை. கொல்லையில் நடந்தது ஒரு காட்சி என்பதே என் புத்தியில் படவில்லை. அதை ஆயுதமாகத்தான் பார்த்தேன்.

ஸ்டூடியோவில், டைரக்டர் அறையில், மாலைக் காப்பி வந்த வேளையில் எழுந்து நின்று பேசினேன். அவன் மேசையோரத்தில் உட்கார்ந்திருந்தான். நான் நன்றாகப் பேசினேன். எதிரிக்கும் அது தெரிந்திருக்கும். முறத்தை அவன் நீட்டிய கட்டம் வந்ததும் டைரக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். மூக்குத்திக்காரியின் குரலில், "பாவா, கை நோவுதா?" என்று நான் கேட்டபோது வாசலில் நின்ற எலெக்ட்ரீஷியன்கூடச் சிரித்தார். எல்லைப்புறத்தில் இந்தப் படத்தைக் காட்டினால் ஜனங்கள் அழ மாட்டார்கள், நாயகனைப் பார்த்து நகைப்பார்கள் என்று முடித்தேன்.

சிரிப்பு அடங்கியதும் எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அவன் முகம் சிவந்திருந்தது. தன் அரைப் பக்கத்தை எடுத்துப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அடுத்து வரப்போவது என்ன என்பது எனக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது.

"அவர் சொல்றது சரிதான்," என்றான்.

டைரக்டர் காத்திருந்தார். அவன் காகிதத்தின் பின்பக்கத்தைத் திருப்பி, பென்சிலை எடுத்து, எழுதிக்கொண்டே பேசினான். கிணற்றடி வேண்டாம். அவள் கூலிக்குக் கடலை ஆய்கிறவள். திரும்பி வந்தவன் அவள் வீட்டில் இலைமுன் உட்காருகிறான். கப்பலைப் பற்றிப் பேசுகிறான். ரங்கூன் கடைவீதியைப் பற்றிப் பேசுகிறான். அவள் பரிமாறுகிறாள். நகத்தில் கொல்லை மண் இருக்கிறது. இத்தனை வருஷம் நீ எப்படி இருந்தாய் என்று அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் என்று இலையைக் காட்டுகிறான். அப்போது அவள் சொல்கிறாள்: "பாவா, கை நோவுதா?" அவன் கை இலையில் அப்படியே நிற்கிறது. காட்சி முடிந்தது.

என் மூன்று பக்கம், பூமி, பொறுமை, பிளவு, அத்தனையும் அந்தக் கேள்விக்குள் அடங்கியிருந்தன. அதை அந்தப் பெண்ணின் வாயிலிருந்து நேரே கேட்டவன் நான். கேட்டு, சுமந்து, ரயிலில் கொண்டுவந்து, அவன் மேசைமேல் கொட்டியவனும் நான்.

"இதுதான்," என்றார் டைரக்டர். "ஃபிலிமும் மிச்சம்."

அவன் உடனே, திரையில் இரண்டு பேர் பெயரையும் போட வேண்டும், விஷயம் இவருடையது என்றான். மனதாரத்தான் சொன்னான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. குட்டினால் திருப்பிக் குட்டலாம். கும்பிட்டால் என்ன செய்வது? எவனும் எனக்குப் பங்கு பிரித்துத் தர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எழுதினவன் பெயரைத்தானே போடுவது என்று டைரக்டர் காப்பியைக் குடித்தார்.

படம் வெளிவந்து, சுற்றிச் சுற்றிக் கடைசியில் திருத்தணிக்கு டூரிங் டாக்கீஸில் வந்தது. நான் ஊருக்குப் போயிருந்தேன். என் பிள்ளை வேலை செய்த படம் என்று நைனா சொல்லிக்கொண்டு, துவைத்த துண்டைப் போட்டுக்கொண்டு, முதல் ஆட்டத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். பெஞ்சியில் உட்கார்ந்தோம். பெண்கள் பக்கம் மணல்தரை நிறைந்திருந்தது. பெயர்கள் ஓடின. அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும். அதற்குள் வசனம் என்ற எழுத்தும் அதன் கீழிருந்த பெயரும் போய்விட்டன. நான் மூச்சுவிட்டேன்.

அந்தக் காட்சி வந்தது. இலை, சோறு, ரங்கூன் கதை. "பாவா, கை நோவுதா?" மணல்தரையிலிருந்து ஒரு பெரும் சிரிப்பு எழுந்தது. நான் சொன்னபடியே நகைத்தார்கள். என் வாதம் பொய்க்கவில்லை. ஆனால் சிரிப்பு பாதியில் நின்றது. அவன் கை இலையில் நின்றதுபோலவே நின்றது. பிறகு மணலில் யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது, அப்புறம் இன்னொருவர். நான் குனிந்துகொண்டேன். அது கதைக்காக அல்ல.

ரீல் மாற்றுவதற்காக விளக்கைப் போட்டார்கள். நைனா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இது நம்ம பக்கத்துப் பேச்சாச்சே," என்றார். "நீதான எழுதின?"

"இல்ல, நைனா. இன்னொருத்தன்."

"எந்த ஊர்க்காரன்?"

"மெட்ராஸ்."

"மெட்ராஸ்காரனுக்கு இது எப்படித் தெரியும்?"

"நான்தான் சொன்னேன்."

அவர் துண்டை மடித்துத் தோளில் போட்டார். "அவன் வந்து கேட்டானா?"

"இல்ல."

"கேக்காமயேவா?" என்றார் நைனா.

எழுந்து நின்றேன். பெஞ்சிக்காரர்கள் திரும்பினார்கள், மணல்தரையிலும் தலைகள் நிமிர்ந்தன. குரலைத் தாழ்த்த எனக்கு யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. எப்போதும் எழும் மேடைத் தமிழ் மட்டும் அப்போது எழவில்லை. வீட்டில் பேசுகிற பேச்சே வந்தது. கொட்டகை முழுவதும் கேட்கும்படி சொன்னேன்:

"நைனா, நாளைக்கே அந்த ரோட்ல திரும்ப நடக்கறேன். வாயத் தொறக்காம நடக்கறேன். காதுல இன்னா வுழுந்தாலும், எழுதி முடிக்கற வரைக்கும் ஒருத்தன்கிட்டயும் சொல்லமாட்டேன். அடுத்த படத்துலயும் வசனம்னு ஒரு பேருதான் வரும். அதை நீ கூட்டிப் படிக்கவே வேணாம். அது உன் புள்ள பேரு."